வாட்டர் ஜெட்டும் செங்கால் பலகையும்: வாசகர் கேள்வி பதில்

உயர் அழுத்தத்தில் நீரைப் பீய்ச்சும் வாட்டர் ஜெட் இயந்திரத்தால் கார் போர்ச், மரத்தளம், கோவில் பிரகாரம் ஆகியவற்றைக் கழுவிப் புதுப்பிக்கும் தொழில் குறித்துக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: வாட்டர் ஜெட் தொழில் தொடங்க விரும்புகிறேன். ஹார்ட்வேர் கடையில் மின்சார இயந்திரம் 150 பார் என்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்ரோல் இயந்திரமும் 200 பார்தான். அவ்வளவு பணம் போட வேண்டுமா? (செந்தூல் வாசகர்)

பதில்: பார் என்பது நீரின் அழுத்தத்தை அளக்கும் அலகு. அந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருப்பார்கள். தொழிலுக்கு அதுதான் முக்கியம். அழுத்தம் அழுக்கைத் தரையிலிருந்து பெயர்க்கும். பெயர்ந்ததை அள்ளிக்கொண்டு போவது நீரின் அளவு. நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் வீட்டு இயந்திரத்தால் ஒரு போர்ச்சைக் கழுவப் பாதி நாள் போய்விடும். 15 லிட்டர் தரும் இயந்திரத்தோடு சுழல் கிளீனரையும் (தரையில் தள்ளிச் செல்லும், உள்ளே நாசில்கள் சுழலும் வட்ட மூடி) சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு உண்டு. பார் எண்ணை லிட்டர் எண்ணால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், நீருக்குப் போய்ச் சேரும் சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 200 பார், 15 லிட்டர் என்றால் 5 கிலோவாட். நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். மோட்டாரிலும் பம்பிலும் போகும் இழப்பைக் கழித்தால் 150 பாருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வருவதே அதிகம். பெட்டியில் வேறு எண் எதைப் போட்டிருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது.

முழுநேரத் தொழில் என்றால் 13 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின், 200 பார், 15 லிட்டர் நல்ல தொடக்கம். கையில் பணம் குறைவென்றால் 6.5 குதிரைத்திறன், 11 லிட்டர் இயந்திரம் போதும். சுழல் கிளீனரும் அதற்கேற்ப இருக்க வேண்டும்: 15 லிட்டருக்கு 20 அங்குலம், 11 லிட்டருக்கு 16 அங்குலம். சின்ன இயந்திரத்தில் பெரிய கிளீனரைப் பூட்டினால் அது சுற்றும், ஆனால் அழுக்கு போகாது.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போனதும் குழாயைச் சோதியுங்கள். 10 லிட்டர் வாளி 30 விநாடிக்குள் நிறைந்தால் 15 லிட்டர் இயந்திரத்தை நேரடியாக மாட்டலாம். 40 விநாடி பிடித்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர்தான் வருகிறது, அது போதாது. பம்ப் தண்ணீருக்குத் தவித்துக் காற்றை இழுக்கும், உள்ளே குமிழிகள் உடைந்து வால்வுகளை அரிக்கும். வேனில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, குழாய் நீரை அதில் விட்டு, அங்கிருந்து பம்புக்கு எடுங்கள். வேலை முடிந்ததும் டிரம்மைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். அதில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதம் உங்களுக்குத்தான் வரும்.

கேள்வி: எங்கள் வீட்டு மரத்தளம் செங்கால் பலகை, சுமார் 20 சதுர மீட்டர். கடற்கரைக்குப் பக்கம் என்பதால் சாம்பல் நிறமாகிவிட்டது. ஒருவர் வாட்டர் ஜெட் அடித்தார். இப்போது பலகை முழுக்கப் பஞ்சுபோல் மயிர் எழுந்து நிற்கிறது. காப்பாற்ற முடியுமா? (தஞ்சோங் பூங்கா வாசகி)

பதில்: முடியும். செங்கால் ஒரு கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் எடையுள்ள மரம். கெட்டுப்போயிருப்பது மேல்தோல் மட்டும்தான்.

நார்களைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னினை வெயில் அழித்துவிடும். அந்தச் சாம்பல் படலம் பிடிப்பில்லாத நார். அதன்மேல் 150 பார் நீரைக் கிட்டே பிடித்து அடித்தால் மென்மையான பகுதி பிய்ந்துபோய், கடினமான வரிகள் மேடாக நிற்கும். மரத்தில் அழுக்கை எடுப்பது மருந்தின் வேலை. தண்ணீரை அலசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் பெரும்பாலான புகார்கள் இதை மாற்றிச் செய்வதால்தான் வருகின்றன.

உங்கள் தளத்துக்கான முறை இது. முதலில் ஆணிகளையும் திருகுகளையும் பாருங்கள். தலை துருத்தியிருந்தால் இறக்குங்கள்; சுற்றிலும் கருநீலக் கறை இருந்தால் அது சாதாரண இரும்பு. மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து மை போலக் கறுக்கும். கடலோரத்தில் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுக்கு மாற்றிவிடுங்கள். கோலாலம்பூர்ப் பக்கம் 304 போதும். பலகைகளுக்கு இடையே 4 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு தட்டைக் கம்பியால் கிளறி எடுங்கள். அடைப்பை அப்படியே விட்டு மேலே எண்ணெய் பூசினால் பலகை அடியிலிருந்து உளுத்துப்போகும்.

அடுத்து, 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 800 கிராம் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் வெளிவிடும் வெளுப்புத்தூள்) கரையுங்கள். 20 சதுர மீட்டருக்கு இது போதும். காலை நிழலில், நனைத்த பலகையில் ஊற்றி 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். காய விடக்கூடாது, காய்ந்தால் மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நைலான் துடைப்பத்தால் நாரின் போக்கிலேயே தேயுங்கள். பித்தளைத் தூரிகையும் இரும்புத் தூரிகையும் வேண்டாம். மிச்சமான கரைசலை மூடியிட்ட புட்டியில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும்.

அலசுவதற்கு 40 முதல் 50 பார் அழுத்தமே தேவை. அதற்காக இயந்திரத்தை மாற்ற வேண்டாம், நாசிலை, அதாவது நீர் பீய்ச்சும் முனையை, மாற்றினால் போதும். 15 லிட்டர் இயந்திரத்தில் 4010 என்று குறியிட்ட நாசிலைப் போட்டால், அதாவது 40 டிகிரி விரிவு, 10-ஆம் எண், அழுத்தம் தானாக 44 பார் அளவுக்கு இறங்கிவிடும். 11 லிட்டர் இயந்திரத்துக்கு 7-ஆம் எண் சரியாக இருக்கும். பலகையிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்து, நீளவாக்கில், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நிறுத்தாமல் போங்கள். நடுவில் நின்றால் அந்த இடம் தேமல்போலத் தெரியும், எண்ணெய் பூசிய பிறகும் மறையாது.

பெர்கார்பனேட் காரத்தன்மை உள்ளது, அது மரத்தைக் கருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம். லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தெளித்து 15 நிமிடம் விட்டால் செங்காலின் தேன் நிறம் திரும்பி வரும், இரும்புக் கறையும் போகும். பிறகு நன்றாக, இரண்டு முறை அலசுங்கள். இது நஞ்சு. கையுறை, கண்ணாடி கட்டாயம். கரைசல் வாளியைக் குழந்தைகளும் நாயும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: அதே நாளில் போர்ச்சுக்குக் குளோரின் தெளிப்பவர்கள் இரண்டும் ஒரே தெளிப்பானிலோ ஒரே வடிகாலிலோ கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோரினும் அமிலமும் கலந்தால் நச்சுவாயு வரும். மரத்துக்குக் குளோரினே வேண்டாம். அது லிக்னினை அழித்து வெயில் செய்த கேட்டையே திரும்பச் செய்கிறது.

இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு 60, அடுத்து 80 எண் உப்புத்தாளால் தேயுங்கள். எழுந்து நிற்கும் மயிர் இதில்தான் போகும். அதைவிட நுண்ணிய தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினால் இவ்வளவு அடர்ந்த மரத்துக்குள் எண்ணெய் இறங்காது. ஈரமானியில் 15, 16 விழுக்காடு காட்டினால் எண்ணெய் பூசலாம். 18-க்கு மேல் என்றால் இன்னும் ஒரு நாள் காத்திருங்கள்.

ஊடுருவும் எண்ணெயைத்தான் பூச வேண்டும். வார்னிஷ் படலமாக நின்று, நம் வெயிலிலும் மழையிலும் உரியும். அடுத்த முறை அதை உரித்து எடுக்கவே ஒரு நாள் போகும். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்து இரண்டு பூச்சுக்கு 4 லிட்டர். பழைய பலகை முதல் பூச்சில் அதிகம் குடிக்கும், எனவே 5 லிட்டர் வாங்குங்கள். மெல்லியதாகப் பூசி, 20 நிமிடத்தில் மேலே மிதப்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். எடுக்காமல் விட்ட எண்ணெய் வாரக்கணக்கில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். அந்தத் துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போட்டு மூடுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முன் தளம் புதுப்பிக்கச் சொல்லி நிறைய பேர் கேட்கிறார்கள். மழையில் எப்படிச் செய்வது?

பதில்: கழுவுவதை மழைக்காலத்திலும் செய்யலாம், எண்ணெய் பூச முடியாது. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையும், கோலாலம்பூரில் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும். தீபாவளி அதற்கு நடுவில்தான் வருகிறது. ஆகஸ்டிலேயே பழைய வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பி மரவேலையை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். போர்ச், வேலி, கால்வாய் கழுவுவதைப் பண்டிகைக்கு முந்தைய வாரங்களுக்கு வையுங்கள். மெர்பாவ் மரம் என்றால் முதல் சில மழைகளில் பழுப்புச் சாயம் ஒழுகும். கீழே வெள்ளை டைல் இருந்தால் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒழுகிய கறையை ஆக்சாலிக் அமிலம் எடுக்கும்.

கேள்வி: சிமென்ட் தரையில் வரிக்குதிரைபோல் கோடு விழுகிறது. பாசியும் ஒரே மாதத்தில் திரும்பி வருகிறது. ஏன்? (ஆயர் ஈத்தாம் வாசகர்)

பதில்: கோடு விழுவது கிளீனரை வேகமாகத் தள்ளுவதாலும், அதன் இரண்டு நாசில்களில் ஒன்று தேய்ந்துபோவதாலும். ஒவ்வொரு வரிசையும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கை மூடிச் செல்லட்டும். பாசி திரும்புவதற்குக் காரணம் வேறு. தண்ணீர் மேலே தெரிவதை வெட்டுகிறது, சிமென்ட் துளைகளுக்குள் இருப்பது உயிரோடு இருக்கிறது. கழுவுவதற்கு முன் 10 விழுக்காட்டு நீச்சல்குளக் குளோரின் ஒரு பங்குக்கு 7 பங்கு தண்ணீர் சேர்த்துத் தெளித்து 10 நிமிடம் விடுங்கள். கழுவிய பிறகு ஒன்றுக்கு 19 பங்கு என்ற கணக்கில் மெல்லியதாக ஒருமுறை தெளித்து விட்டுவிடுங்கள். குளோரின் நம் சூட்டில் மாதக்கணக்கில் வைத்தால் வீரியம் இழக்கும், ஆகவே அவ்வப்போது வாங்குங்கள்.

தெளிப்பதற்கு முன் செடிகளைத் தண்ணீரால் நன்றாக நனையுங்கள், முடிந்ததும் மறுபடி அலசுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடுங்கள். எஃகுக் கதவில் பட்டால் உடனே கழுவுங்கள், இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாக அரிக்கும். நம் ஊர்த் திறந்த கால்வாய்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு எதுவும் இல்லாமல் நேரே ஆற்றுக்குத்தான் போகின்றன. தேவைக்கு மேல் ஒரு லிட்டரும் ஊற்றாதீர்கள். இன்டர்லாக் கல் என்றால் இடுக்கு மணல் நீரோடு போய்விடும். தரை காய்ந்ததும் உலர்ந்த மணலை நிரப்புவதும் உங்கள் வேலையில் சேர்த்தி.

கேள்வி: கோவில் மண்டபத்தில் கருங்கல் தரை. விளக்குக்கு ஊற்றும் எண்ணெயின் பிசுக்கும் மஞ்சள், குங்குமக் கறையும். ஒருவர் மருந்து போட்டதும் மஞ்சள் எல்லாம் ரத்தச் சிவப்பாகிவிட்டது. நிர்வாகக் குழுவினர் பதறிவிட்டார்கள். (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: கல்லுக்கு எதுவும் ஆகவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் குங்குமம் சிவப்பதும் இதனால்தான். முதலில் குழுவினரிடம் இதை விளக்கிவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கலாம்.

வரிசையை மாற்றிச் செய்யுங்கள். மெழுகு, கற்பூரக் கரி, கட்டியான பிசுக்கு எல்லாவற்றையும் மரச்சுரண்டியால் எடுங்கள். கறைக்கு மெல்லிய குளோரின் கரைசலை வைத்து, நிறம் போனதும் நன்றாக அலசுங்கள். அதன் பிறகே காரமுள்ள பிசுக்கு நீக்கி. நல்லெண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் பசையாகிவிடும், காரம் அதைச் சோப்பாக மாற்றிக் கரைக்கும். 15 நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து, சுடுநீரால் அலசுங்கள். 80 டிகிரி சுடுநீர் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் நேரம் பாதியாகும். கழிவை ரப்பர் துடைப்பானால் ஒதுக்கி வாளியில் அள்ளுங்கள், கால்வாயில் எண்ணெய் மிதக்கக் கூடாது.

சலவைக்கல்லில் அமிலம் வேண்டவே வேண்டாம். கோபுரத்துச் சுதைச் சிற்பங்களிலும் வண்ணப்பூச்சிலும் ஜெட்டை ஓங்காதீர்கள். உடைந்த விரலையும் பெயர்ந்த வண்ணத்தையும் சரிசெய்ய ஸ்தபதியைத்தான் அழைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஜோர்ஜ்டவுனில் பழைய கடைவீட்டுச் சுவரைக் கழுவக் கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: ஜெட்டால் செய்யாதீர்கள். அது சுண்ணாம்புப் பூச்சு. உயர் அழுத்த நீர் பூச்சைப் பெயர்த்துச் சுவருக்குள் ஈரத்தை ஏற்றிவிடும். தோட்டக் குழாய் நீரும் மென்மையான தூரிகையும் போதும். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதி அது. பூச்சில் கை வைக்கும் முன் பினாங்குத் தீவு மாநகராட்சியிடம் கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையையும் எவ்வளவு பணம் தந்தாலும் மறுத்துவிடுங்கள். நீரோடு பறக்கும் அந்த நார் நுரையீரலில் தங்கிவிடும்.

கேள்வி: சதுர அடிக்கு எவ்வளவு கேட்பது? பக்கத்தில் ஒருவர் 30 சென்னுக்குச் செய்கிறார். (கிள்ளான் சாலை வாசகர்)

பதில்: அவர் விலையைப் பார்க்காமல் உங்கள் ஒரு நாள் செலவைக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, உதவியாளுக்கு 120 வெள்ளி (ரிங்கிட்), உங்கள் கூலி 200, பெட்ரோல், டோல் 60, மருந்து 30 என்று வைப்போம். இயந்திரம் 6,000 வெள்ளி, 1,000 மணி நேரம் ஓடும் என்றால் மணிக்கு 6 வெள்ளி. சீல், வால்வு, குழாய் மாற்ற இன்னும் 4 வெள்ளி. ஐந்து மணி நேரத்துக்கு 50. வேன் தவணை, காப்புறுதி, தொலைபேசி மாதம் 1,500 வெள்ளி. மழையும் காலி நாளும் போக மாதம் 17 நாள்தான் வேலை என்றால் நாளுக்கு 88. மொத்தம் 548 வெள்ளி. 20 விழுக்காடு இலாபம் சேர்த்தால் ஏறக்குறைய 658. நாளுக்கு 400 சதுர அடிப் போர்ச் இரண்டு செய்தால் ஒன்றுக்கு 329 வெள்ளி, அதாவது அடிக்கு 82 சென். 30 சென்னுக்குச் செய்பவர் தன் கூலியையும் இயந்திரத் தேய்மானத்தையும் கணக்கில் எடுக்கவில்லை. பம்ப் போகும் நாளில்தான் அவருக்கு அது தெரியவரும்.

வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள். குழாய் ஓட்டம், வடிகால், உள்ளே காலியாக ஒலிக்கும் டைல், தானியங்கிக் கதவின் மோட்டார், சுவர் பிளக் எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் படமெடுங்கள். முன்பே பெயர்ந்திருந்த டைலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டிவராது. நீர்க் கட்டணம் பற்றிக் கேட்டால், மணிக்கு 900 லிட்டர் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: பதிவு, உரிமம் என்ன தேவை?

பதில்: தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. இணையத்திலேயே முடித்துவிடலாம். வளாக உரிமம் குறித்து உங்கள் ஊராட்சி மன்றத்திடம் கேளுங்கள். ஆள் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதற்கு மேல் முதலாளி பங்காக 13 விழுக்காடு சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் உண்டு. நீங்கள் மட்டும் வேலை செய்தாலும் சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டத்தில் சேருங்கள். ஈரத்திலும் ஏணியிலும் நடக்கும் வேலை இது. அடுக்குமாடி நிர்வாகங்கள் வேலை கொடுக்கும் முன் பொதுப் பொறுப்புக் காப்புறுதியைக் கேட்பது வழக்கம். கடனுக்கு, சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குனில், இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்புமி திட்டத்தை விசாரியுங்கள்.

கேள்வி: அழுத்தம் விட்டு விட்டு வருகிறது. பம்ப் போய்விட்டதா? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

பதில்: பம்பைக் கழற்றும் முன் மலிவானதிலிருந்து தொடங்குங்கள். நீர் நுழையும் வடிகட்டியில் மண் இருக்கிறதா? குழாய் மூட்டில் வாஷர் தேய்ந்து காற்று புகுகிறதா? நாசிலை ஊசியால் குத்திச் சுத்தம் செய்து பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் துடிப்பு நிற்கவில்லை என்றால், பம்பின் ஆறு வால்வுகளில் ஒன்றில் தூசி சிக்கியிருக்கும். துடிப்பில்லாமல் அழுத்தம் மட்டும் குறைந்தால் நாசில் தேய்ந்திருக்கலாம். பம்ப் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் சீல் போய்விட்டது.

சீல் சீக்கிரம் போவதற்குப் பெரிய காரணம், பிடியை விட்டுவிட்டு என்ஜினை ஓடவிடுவது. அதே நீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்துவதென்றால் என்ஜினை அணையுங்கள். பம்ப் எண்ணெயை முதல் 50 மணி நேரத்தில் மாற்றுங்கள். என்ஜின் எண்ணெயை முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றுங்கள்.

கேள்வி: என் தம்பியின் விரலில் ஜெட் நீர் பட்டுச் சின்னத் துளைதான் விழுந்தது. பிளாஸ்டர் ஒட்டினால் போதுமா? (பெட்டாலிங் ஜெயா வாசகி)

பதில்: போதாது. நீங்கள் இதைப் படிக்கும்போதும் அவர் இன்னும் மருத்துவரைப் பார்க்கவில்லை என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தோலைத் துளைத்த நீர் மருந்தையும் கிருமியையும் தசைக்குள் தள்ளிவிடும். வெளியே துளை ஊசிமுனை அளவுதான் இருக்கும், உள்ளே சேதம் பரவிக்கொண்டிருக்கும். வீக்கமும் வலியும் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், அதற்குள் விரலை இழக்க நேரிடலாம். "உயர் அழுத்த நீர் உட்புகுந்த காயம்" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எத்தனை பார், என்ன மருந்து கலந்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.